கேமரா பார்க்காத முதுகு

வீட்டில் படுத்துவிட்ட அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆள் வைக்க வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது நான்கைந்து கேள்விகள்தான். ஆள் நம்பிக்கையானவரா? கை சுத்தமா? எந்த ஊர்? எந்நேரமும் போனும் கையுமாக இருப்பாரா? மாதம் எவ்வளவு? இத்தனையும் கேட்கிறவர்கள், அந்த ஆள் செய்யும் வேலையை யார் வந்து பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் சென்னையில் வீடு வீடாகப் போனேன். ஏஜென்சி அனுப்பிய ஆட்கள் நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. இப்போது எண்பதை நெருங்குகிறேன். என்னையும் யாராவது தூக்கி உட்கார வைக்க வேண்டிய காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. அதனால் இதை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது.

வார்டில் படுத்திருக்கும் ஒரு நோயாளியை ஒரு நாளில் எத்தனை கண்கள் பார்க்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். டூட்டி சிஸ்டர், அடுத்த ஷிப்டுக்கு வரும் சிஸ்டர், ஹெட் நர்ஸ், ஹவுஸ் சர்ஜன், காலை ரவுண்ட்ஸில் சீஃப், படுக்கை விரிப்பு மாற்ற வரும் ஊழியர். போதாததற்குப் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி. அந்த அம்மாளின் கண் எந்த சீஃபின் கண்ணுக்கும் குறைந்ததில்லை. “சிஸ்டர், அந்தத் தாத்தாவுக்கு டிரிப்ஸ் ஏறவே இல்லை, வந்து பாருங்க” என்று நடு ராத்திரியில் ஓடி வருகிறவர் அவர்தான். யாரும் யாரையும் சந்தேகப்பட்டு இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துவிடுவார், அவ்வளவுதான். அதே நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் இந்தக் கண்கள் எல்லாம் ஒரே ஜோடியாகச் சுருங்கிவிடுகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஜோடியும் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியக் குறிப்புகள் புத்தகத்தைப் பயிற்சிக் காலத்தில் நாங்கள் பாடமாகப் படித்தோம். அது செவிலியருக்கான பாடப்புத்தகம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டில் பிறரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காகத்தான் அதை எழுதுகிறேன் என்று அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு அத்தியாயம் முழுக்க ஒரே விஷயம்தான். நீ இருக்கும்போது நடக்கிற வேலை, நீ இல்லாதபோதும் நடக்க என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாய் என்பதுதான் அது. எல்லாவற்றையும் தானே செய்து களைத்துப்போகிறவரை அவர் மெச்சவில்லை. இருபது வயதில் அது எனக்குச் சுவாரசியமில்லாத அத்தியாயம். வீடுகளுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது.

சென்னையில் முதியோருக்கென்று தனியாக மருத்துவம் வந்ததே நேற்றுப் போலத்தான் இருக்கிறது. அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோர் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியது 1978இல். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தது 2024 பிப்ரவரியில். 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். ஆகவே ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. பெரிய கம்பெனிகளும் உண்டு, ஒரு போனும் ஒரு போர்டும் மட்டுமே முதலீடாக வைத்திருப்பவர்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். படித்துத் தேறிய செவிலியர் என்றால் மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் செவிலியர் இல்லை, அட்டெண்டர்கள். சிலர் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்ற பயிற்சியை முடித்திருப்பார்கள். பலர் இன்னொரு அட்டெண்டருடன் சில நாள் நின்று பார்த்துக் கற்றவர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதில் ஜீவனாம்சம் உண்டு, முதியோர் இல்லம் உண்டு. வீட்டுக்குள் வந்து பார்த்துக்கொள்ளும் சேவையைப் பதிவுக்குள்ளும் தரத்துக்குள்ளும் கொண்டுவர 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. சட்டமாகாமலேயே அந்த மக்களவையின் காலமும் முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சி நடத்த வேண்டுமென்றால் தர ஆணையத்தில் பதிய வேண்டும்; அவர்கள் ஆய்வு செய்து நான்கு படிகளில் தரம் போட்டு ஊருக்கு அறிவிக்கிறார்கள். இங்கே அந்த நாள் வரும்வரை உங்கள் வீட்டு ஆய்வாளர் நீங்கள்தான். ஆய்வாளர் அங்கே வந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு வரப்போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இன்று பெரும்பாலான குடும்பங்கள் கண்காணிப்பு என்றாலே கேமராவைத்தான் நினைக்கின்றன. மகன் வெளிநாட்டில் இருந்தபடியே போனில் அம்மாவின் அறையைப் பார்க்கிறார். பார்க்க முடிவதே ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடையாறு பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலில்லை. மகன் தினமும் இரண்டு மூன்று முறை கேமராவில் பார்ப்பார். அட்டெண்டர் போன் பார்ப்பது தெரிந்தால் உடனே அழைத்துத் திட்டுவார். அந்தப் பெண்ணும் கற்றுக்கொண்டாள். கேமராவுக்குத் தெரிகிற நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள், அம்மாவுக்குப் போர்வையைச் சரிசெய்வாள், தலையைக் கோதுவாள். பார்ப்பதற்குக் குறையே இல்லை. நான் போய் அம்மாவை ஒருக்களித்துத் திருப்பிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு மேல், ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. கேமரா அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. புண் முதுகில் இருந்தது.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆல்ஃபா பெட் வாங்கிப் போட்டாயிற்றே, அதற்குமேல் என்ன என்று வீட்டாரும் இருந்துவிட்டார்கள். காற்று ஏறி இறங்கும் அந்தப் படுக்கை அழுத்தத்தைக் குறைக்கும். ஆளைத் திருப்பிப் படுக்க வைக்காது. மகனுக்குப் போனில் சொன்னேன்: “தம்பி, நீங்க ஆளைப் பார்த்துட்டிருக்கீங்க. அம்மாவைப் பார்க்கலை.” அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “என்ன பார்க்கணும்னு சொல்லுங்க மேடம்” என்றார். நல்ல கேள்வி. அதற்கான பதிலைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

பார்க்க வேண்டியது நோயாளியின் உடம்பை. வாரத்துக்கு இரண்டு முறையாவது, குளிப்பாட்டும்போது, வீட்டு மனிதர் ஒருவர் கூட நிற்க வேண்டும். வால் எலும்பு, இரண்டு இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, காது மடலின் பின்பக்கம், பின்னந்தலை. எலும்பு தோலுக்கு நெருங்கியிருக்கும் இடமெல்லாம் பார்க்க வேண்டும். புத்தகங்களில் சிவந்திருக்கும் என்று போட்டிருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் கறுப்புத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அங்கே ஏதோ நடக்கிறது. நிறம் கருத்து, அழுத்திவிட்டு எடுத்த பிறகும் மாறாமல் இருந்தால் அன்றைக்கே நர்ஸைக் கூப்பிட வேண்டும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் பக்கம் மாற்றியே ஆற்றிவிடலாம். எலும்பு தெரிகிற கட்டத்துக்குப் போய்விட்டால் மாதக்கணக்கு, சிலருக்கு உயிர்க்கணக்கு.

அடுத்து வாய். நாக்கில் வெள்ளைப் படலம், ஈறில் ரத்தம், பல் செட்டைக் கழற்றாமலே விட்டிருப்பது. ஆள் சிரத்தையாகச் செய்கிறாரா என்று தெரிய நான் முதலில் வாயைத்தான் திறக்கச் சொல்வேன். முகத்தைத் துடைத்துப் பவுடர் போட்டு விபூதி இட்டுவிட ஐந்து நிமிஷம் போதும். வாய் பொய் சொல்லாது. நகம், அக்குள், மார்புக்கு அடியில் இருக்கும் மடிப்பு, விரலிடுக்கு, இவையும் அப்படித்தான். பிறகு எடை. படுத்தவரை எடை போட முடியாவிட்டால் மேல்கையின் நடுவில் ஒரு தையல் டேப்பால் மாதம் ஒருமுறை சுற்றளவு எடுத்து எழுதி வையுங்கள். மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் சாப்பாடு உள்ளே போகவில்லை என்று அர்த்தம், சமையலறையில் தட்டு காலியாக இருந்தாலும் சரி.

மூக்கில் ரைல்ஸ் டியூப் போட்டிருந்தால் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்; கொடுத்து முடித்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். படுக்க வைத்துக் கொடுத்தால் உணவு நுரையீரலுக்குப் போகும், நிமோனியா வரும். சிறுநீர்ப் பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. நாற்காலிக்கு மாற்றும்போது பையைத் தூக்கி மடியில் வைப்பார்கள். பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும். இதையெல்லாம் பார்க்க நர்சிங் படிக்க வேண்டியதில்லை. ஒருமுறை நர்ஸ் காட்டிக் கொடுத்தால் பத்தாம் வகுப்புப் பேத்தியே பார்ப்பாள்.

இன்சுலின் விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபமே வந்துவிடும். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு வலிமையில் விற்கிறது, மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். 40க்குச் சிவப்பு மூடி ஊசி, 100க்கு ஆரஞ்சு மூடி ஊசி. கடையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறார்கள். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். விடிகாலையில் வேர்த்து விறுவிறுத்து, பேச்சுக் குழறி, எழுப்பினால் எழுந்திருக்காமல் கிடப்பார்கள். தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். மாற்றி இழுத்தால் மருந்து பாதிகூடப் போகாது, சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். இதில் முதல் தப்பு அட்டெண்டர் ஊசியைக் கையில் எடுத்ததே. ஊசி போடுவது, ரைல்ஸ் டியூப் இறக்குவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, இவை எதுவும் அட்டெண்டர் வேலை இல்லை. ஆனால் ஏஜென்சி அவரை அனுப்பும்போதே “நர்ஸ் வர்றாங்க” என்று சொல்லித்தான் அனுப்புகிறது. வெள்ளைக் கோட்டும் போட்டுவிடுகிறது. வீட்டாரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். ‘இது எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாத இடத்தில் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம்.

ஆகவே முதல் நாளே ஒரு தாளில் எழுத வேண்டும். இன்னின்னது செய்யலாம், இன்னின்னது கூடாது, இது நடந்தால் இந்த எண்ணுக்குப் பேச வேண்டும். தாளில் ஏஜென்சியின் நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட அவர்களிடம் நர்ஸே இல்லை என்றால், அது பராமரிப்புச் சேவை இல்லை, ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகு. நல்ல ஏஜென்சிகள் இருக்கின்றன, அவற்றில் நான் வேலையும் பார்த்திருக்கிறேன். ஆள் அனுப்புவதற்கு முன்பே ஒரு நர்ஸ் வந்து நோயாளியைப் பார்ப்பார். படுக்கைப் புண் வர எவ்வளவு வாய்ப்பு என்று பிராடன் அளவுகோலில் மதிப்பெண் போடுவார். 23க்கு 18 அல்லது அதற்குக் கீழே போனால் ஆபத்து. குளியலறையைப் பார்ப்பார். முதல் வாரத்தில் ஒருமுறை, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒருமுறை வருவார். ராத்திரி போன் செய்தால் எடுக்க ஒருவர் இருப்பார். ‘உங்கள் நர்ஸ் எப்போது வந்து பார்ப்பார்?’ என்ற ஒரு கேள்வியைப் பணம் பேசும் முன் கேளுங்கள். எதிர்முனையில் வரும் மௌனத்தின் நீளத்தை வைத்தே முடிவு செய்யலாம்.

இனி நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும், ஆப் எல்லாம் வேண்டாம். என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர், சிறுநீர், மலம், எந்தப் பக்கம் திருப்பினார்கள், மாத்திரை, புதிதாக ஏதாவது. நோட்டு வைத்திருக்கிற வீடுகள் உண்டு. அதை வாசிக்கிற வீடுகள்தான் குறைவு. வாசிக்காத நோட்டை எழுதுகிறவர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார். 8.00, 10.00, 12.00, 2.00 என்று கடிகாரம் அடித்தாற்போல் எழுதியிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். மனுஷரைத் திருப்புகிற வேலை அப்படிக் கடிகாரம் பார்த்து நடக்காது. 10.20 இருக்கும், நடுவில் ஒன்று விட்டுப் போயிருக்கும், ‘பாட்டி திருப்ப விடவில்லை’ என்று ஒரு வரி இருக்கும். ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மொத்த நாளும் எழுதியிருந்தால் அது சாயங்காலம் உட்கார்ந்து எழுதியது. ஓட்டை உள்ள நோட்டை நான் நம்புவேன். முழுசாக நிரம்பியிருக்கும் நோட்டைத்தான் இரண்டு தடவை பார்ப்பேன்.

விழுந்ததை மறைத்த கதை ஒன்று உண்டு. ஒரு பாட்டி, விடியற்காலை குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அட்டெண்டர் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். தனியாகவே தூக்கிக் கொண்டுவந்து படுக்க வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பாட்டிக்கு மறதி நோய், அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் மதியம் மகள் பார்க்கும்போது ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டால் அப்படித்தான் இருக்கும். போலீசுக்குப் போக வேண்டும் என்று மகள் கொதித்தார். கொதிக்காமல் என்ன செய்வார்? ஒரு நாள் முழுக்க அம்மா அந்த வலியோடு படுத்திருந்திருக்கிறார்.

நான் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். “ஏம்மா சொல்லலை?” “பேஷன்ட் விழுந்தா பாதிச் சம்பளம் பிடிச்சுருவோம்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க மேடம்.” குளியலறையைப் போய்ப் பார்த்தேன். பளபளவென்று டைல்ஸ், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, வாசலில் நழுவுகிற மிதியடி, விளக்கு ஸ்விட்ச் வெளியே கூடத்துச் சுவரில். அந்தப் பெண்ணுக்கு மாற்று ஆள் வந்து பல வாரம் ஆகியிருந்தது. அந்தக் குளியலறையில் யார் கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் பாட்டி ஒரு நாள் விழுந்திருப்பார். விழுந்தது அந்த அறை செய்த வேலை. மறைத்தது ஆபீஸ் போட்ட அபராதம் செய்த வேலை.

ஏஜென்சி மேனேஜரிடம் சண்டை போட்டு அந்த விதியை எடுக்க வைத்தேன். விழுந்தால் அபராதம் கிடையாது, மறைத்தால் மட்டும் வேலை கிடையாது என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் பதிவேட்டில் விழுந்த கணக்கு ஏறியது. மேனேஜர் பதறிப்போய், “என்ன மேடம், நீங்க சொன்னபடி செஞ்சு கேஸ் கூடிப்போச்சே” என்றார். விழுவது கூடவில்லை, சொல்வதுதான் கூடியிருக்கிறது என்று அவருக்குப் புரிய வைக்க எனக்கு இரண்டு காபி ஆயிற்று. சொன்னதால்தான் எந்த வீட்டில் கம்பி இல்லை, எந்த மாத்திரை மாற்றிய பிறகு தள்ளாட்டம் வந்தது என்றெல்லாம் தெரிந்தது. வீட்டிலும் இதே கணக்குதான். மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன் என்று ஆள் வந்து சொல்லும்போது நீங்கள் கத்தினால், அடுத்த முறை மாத்திரை குப்பைத் தொட்டிக்குப் போகும், நோட்டில் டிக் விழும்.

பாதுகாப்பு என்றால் நோயாளியின் பாதுகாப்பு மட்டும்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். 24 மணி நேர டியூட்டி என்று போட்டு ஒரு பெண்ணை வைக்கிறோமே, அதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பகல் முழுக்கத் தூக்கி, துடைத்து, ஊட்டி, துவைத்துவிட்டு, ராத்திரியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்ப வேண்டும் என்றால் அது மனித உடம்பால் ஆகாது. எத்தனை நாள் ஆகும்? பிறகு தூங்குவார். தூங்கினார் என்று நாம் புகார் சொல்வோம். ஒன்று, ராத்திரிக்கு வேறு ஆள் வையுங்கள். முடியாதென்றால் நல்ல படுக்கை போட்டு, ராத்திரியில் எத்தனை முறை திருப்பினால் போதும் என்று நர்ஸைக் கேட்டு முடிவு செய்து, அதில் ஒரு முறையை வீட்டு மனிதர் யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள். ஆளுக்குப் படுக்க நோயாளியின் கட்டிலடி இல்லாத ஓர் இடம் வேண்டும். சாப்பாடு நேரத்துக்கு வேண்டும், முந்தின நாள் மிச்சம் இல்லை. எழுபது கிலோ மனிதரை ஐம்பது கிலோ பெண் தனியாகத் தூக்கி இடுப்பு போனால் அவளை யார் பார்ப்பார்கள்? இன்னொன்றும் உண்டு, பேசவே தயங்குவார்கள். மறதி நோய் வந்த ஆண்கள் சிலர் கையைத் தவறாக நீட்டுவார்கள். மறதி இல்லாதவர்களும் நீட்டுவார்கள். அந்தப் பெண் சொன்னால் ‘அப்பாவைப் போய் இப்படிச் சொல்றியா’ என்று அவள் மேலேயே பாய்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஆண் அட்டெண்டர்தான் போட வேண்டும். ஏஜென்சி நர்ஸ் வந்தால் நோயாளியிடம் பத்து நிமிஷம் பேசுவதைப் போல அட்டெண்டரிடமும் தனியாகப் பத்து நிமிஷம் பேச வேண்டும்.

அதற்காக எல்லோரும் தேவதைகள் என்று சொல்ல வரவில்லை. கிள்ளுகிறவர்கள், கட்டிலோடு கையைக் கட்டிப் போடுகிறவர்கள், ராத்திரி தொந்தரவு வேண்டாம் என்று தூக்க மாத்திரையை இரண்டாகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மேல்கையில் விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருந்தால், மணிக்கட்டைச் சுற்றிக் கோடு விழுந்திருந்தால், ஆள் பக்கத்தில் வரும்போது நோயாளி சுருங்கினால், பகலெல்லாம் மயங்கிக் கிடந்தால் தாமதிக்காதீர்கள். மாத்திரை அட்டையை வாரம் ஒருமுறை எண்ணுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களைச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அது அவர் நேற்றுவரை வழக்கில் சிக்கவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும். பீரோ சாவியைக் காப்பாற்ற அது போதும்.

நோயாளியிடமே கேட்க வேண்டும், ஆள் அறையில் இல்லாதபோது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரும்பாலும் ஆளிடம்தான் கேட்கிறோம், “அம்மா எப்படி இருக்காங்க?” என்று. அம்மா அங்கேயேதான் படுத்திருக்கிறார். ஒரு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் வரும். சிலேட்டில் எழுதிக் காட்டுவார். எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டதற்கு ‘வெந்நீர் அதிகம்’ என்று எழுதினார். தினமும் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

வெளியிலிருந்து வருகிற இன்னொரு கண்ணும் உதவும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்து தருவது மட்டும்தான் பலருக்குத் தெரியும். படுத்த நோயாளிக்கு வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் அதில் வீட்டுக்கே வருவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் அதை ஏழைகளுக்கானது என்று விட்டுவிடுகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வருகிற செவிலியர் உங்கள் ஏஜென்சியின் சம்பளத்தில் இல்லாதவர். அவர் முதுகைத் திருப்பிப் பார்த்துச் சொல்வதற்கு மதிப்பு அதிகம். வீட்டில் முதியவர் துன்பப்படுகிறார் என்று தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம், அட்டெண்டரும் அழைக்கலாம். பல வீடுகளில் முதியவரைப் பட்டினி போடுவது பிள்ளைகள்தான், அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது அட்டெண்டர்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கென்று ஒரு தாள் எழுதி மகனிடமும் மருமகளிடமும் கொடுத்திருக்கிறேன். நான் படுத்துவிட்டால் அறையில் கேமரா வேண்டாம். துணி மாற்றும்போது யாரும் போனில் பார்க்கக் கூடாது. செவ்வாயும் சனியும் குளிக்கும்போது மருமகள் கூட நின்று என் முதுகைப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெண்ணாக இருந்தால் நல்லது, கிடைக்காவிட்டால் எந்த ஊரானாலும் சரி, ஞாயிறு அவளுக்கு லீவு, அன்றைக்கு மகன் பார்க்க வேண்டும். மகன் அதைப் படித்துவிட்டு, “டயப்பரும் நானாம்மா?” என்றான். டயப்பரும் நீதான் என்றேன். ராத்திரி திருப்பிப் படுக்க வைக்க வந்தால் நான் நிச்சயம் திட்டுவேன், எனக்குத் தூக்கம் கெட்டால் ஆகாது. திட்டினாலும் திருப்ப வேண்டும், என்ன திட்டினேன் என்று நோட்டிலும் எழுத வேண்டும் என்று கடைசி வரியில் போட்டிருக்கிறேன்.